மொதல்ல இருந்து பாக்கட்டும்

அக்கா எதையும் அழிக்க மாட்டாள். அவளுக்கு நல்ல பேர் வந்ததும் அதனால்தான், கெட்ட பேர் வந்ததும் அதனால்தான்.

மேலகரத்தில், குற்றாலம் போகிற ரோட்டில் என் ஸ்டிக்கர் கடை. வேன், ஆட்டோ, லாரிக் கண்ணாடிக்கு எழுத்து வெட்டி ஒட்டுவேன். அடுத்த கடை அக்காவுடையது. பழைய லேப்டாப் சரிசெய்து விற்பாள். அவள் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருந்தார். ஊருக்கு வருகிற ஆட்களிடம் பழைய லேப்டாப்புகளைக் கொடுத்து விடுவார். திருவனந்தபுரத்தில் இறங்கி, போர்வைக்குள் சுருட்டி வைத்து வரும். பட்டன்களில் அரபி எழுத்து இருக்கும். அக்கா அதைத் துடைத்து, உள்ளே லினக்ஸ் போட்டுப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி தெருவில் அவளை லாத்தா என்பார்கள். நான் அக்கா என்றேன். அவள் என்னை ஏலே என்றாள்.

லினக்ஸ் என்றால் விண்டோஸ் இருக்கிற இடத்தில் இருக்கக்கூடிய இன்னொன்று. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அக்கா அதைப் பென் டிரைவில் வைத்திருப்பாள். செருகிப் போட்டால் பென் டிரைவிலிருந்தே ஓடும். லேப்டாப்புக்குள் இருக்கிற பழையதைத் தொடாது. சரிப்பட்டால் உள்ளே ஏற்றலாம். சரிப்படாவிட்டால் பிடுங்கிவிடலாம். மற்ற கடைகளில் செருகியதும் ஏற்றிவிடுவார்கள். அக்கா ஏற்ற மாட்டாள். வை-பை வர வேண்டும். சத்தம் வர வேண்டும். கேமரா தெரிய வேண்டும். பிரிண்டர் அசைய வேண்டும். மூடித் திறந்தால் முழிக்க வேண்டும். எல்லாம் பென் டிரைவில் ஓடும்போதே நடக்க வேண்டும்.

"மொதல்ல இருந்து பாக்கட்டும்" என்பாள். "வாடகைக்கு வாரவன் தண்ணி வருதா, கக்கூசுக்குக் கதவு இருக்கான்னு பாத்துட்டுத்தான சாமான எறக்குவான்? அழிக்கதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? அழிச்ச பொறவு வை-பை வரலைன்னா யார்ட்டலே போயி அழுவ?"

அந்த அரபி லேப்டாப்புகளில் எப்போதும் ஏதாவது ஒன்று வராது. பெரும்பாலும் வை-பை. அந்தப் பொருளோடு பேசத் தெரிந்த ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பேர். அது பென் டிரைவில் இருக்காது. நெட்டிலிருந்து இறக்க வேண்டும். நெட் வேண்டுமென்றால் வை-பை வேண்டும். வை-பை வேண்டுமென்றால் டிரைவர் வேண்டும். அக்கா தன் போனை ஒயரில் மாட்டி, போனில் இருக்கிற நெட்டை லேப்டாப்புக்குத் திருப்பி விடுவாள்.

"பக்கத்து வீட்டுல ஒரு கொடம் தண்ணி வாங்கிக்கிடுதேன்" என்பாள்.

லேப்டாப்புக்கு மேலே கம்பெனிக்காரன் ஒட்டியதைப் படித்து நான் ஒருமுறை ஏதோ சொன்னேன். இன்ன கம்பெனி, நல்ல கம்பெனி என்று.

"ஸ்டிக்கர் ஒட்டுதவன் நீயே இப்பிடிச் சொன்னா எப்பிடிலே? நீ ஒட்டுதது எல்லாம் நெசமா? போன வாரம் அந்த ஓட்ட வேன்ல 'புயல்'னு ஒட்டுன."

நான் சிரித்துவிட்டேன். அந்த வேனை மூன்று பேர் தள்ளித்தான் ரோட்டில் ஏற்றினோம்.

ஒரு நாள் தறிக்காரத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு லேப்டாப் வழியாகக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவள். அவளுக்கு அக்கா ஒரு அரபி லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகிக் காட்டினாள். எல்லாம் வந்தது. கேமராவைப் போட்டதும் அந்தப் பெண் அலறினாள்.

"லாத்தா, நான் தலகீழா நிக்கேன்!"

பார்த்தேன். திரையில் அவள் தலைகீழாக இருந்தாள். முக்காடு கீழே, தாடை மேலே.

"கேமராவத் தலகீழா மாட்டி வச்சிருக்கான். விண்டோஸ்ல அத நிமித்திக் காட்டுததுக்கு ஒரு டிரைவர் உண்டு. இதுல இல்ல" என்றாள் அக்கா.

"பரவால்ல, ஏத்திக் குடுங்க லாத்தா. பொறவு பாத்துக்கிடலாம்."

"கேமரா நிமிராம ஏத்த மாட்டேன்."

"பிள்ளையளுக்குப் பாடம் இருக்குல்லா?"

"நீ தலகீழா நின்னு நடத்து. பிள்ளையளுக்கு நேராத் தெரிவ."

அந்தப் பெண் கோபித்துக்கொண்டு போனாள். மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். திட்டுவதற்கென்றே வந்தாள். அக்கா திட்டுகளை வாங்கிக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒரு வாரம் கழித்து கேமரா நிமிர்ந்தது. அதற்குப் பிறகுதான் ஏற்றினாள். அன்று மத்தியானம் தறிக்காரத் தெருவிலிருந்து ஒரு சட்டி நெய்ச்சோறு வந்தது. பாதியை எனக்குத் தந்தாள்.

"தின்னுலே. தலகீழாப் பிடிக்காத, கொட்டிரும்."

எல்லோரும் நெய்ச்சோறு அனுப்பவில்லை. குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜர் சீசன் நேரத்தில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். தங்க வருகிறவர்களின் அடையாள அட்டையைப் படம் பிடிக்கிற ஸ்கேனர் லினக்ஸில் வரவில்லை. இன்றைக்கே வேண்டும் என்றார். ஸ்கேனர் வராமல் பழையதை அழிக்க மாட்டேன் என்றாள் அக்கா. அவர் சத்தம் போட்டார். அவள் சத்தம் போடவில்லை. ஒயர்களைச் சுருட்டிக் கையில் கொடுத்தாள். அவர் அதன்பிறகு வரவே இல்லை. அவர் சொல்லி இன்னும் சில லாட்ஜ்காரர்களும் வராமல் போனார்கள்.

அவர் போன பிறகு அக்கா வெகுநேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. சீசனில் விட்டால் வருசம் முழுக்க ஆள் வராத ஊர் இது.

அவளிடம் ஒரு பேரீச்சம்பழ டப்பா இருந்தது. அதில் பென் டிரைவுகள். லினக்ஸில் புதுசு வரும்போதெல்லாம் புதுப் பென் டிரைவில் போடுவாள். பழசை அப்படியே வைத்திருப்பாள். எது எந்த வருசத்தது என்று தெரிய, நான்தான் சின்னச் சின்னதாக எண் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன்.

"பழசு எதுக்குக்கா? அழிச்சுட்டு அதுலயே புதுசப் போடலாம்லா?"

"கெடந்துட்டுப் போவுது. ஒன்னச் சோறு கேக்குதா?"

ஒரு வருசம் அக்காவின் மகளுக்குப் பேறுகாலம். அக்கா கடையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அப்போதுதான் இடி விழுந்து என் கம்ப்யூட்டர் போயிற்று. கட்டிங் மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் சொன்னால்தான் அது வெட்டும். எழுத்தை கம்ப்யூட்டர் அனுப்பும், மிஷினில் உள்ள கத்தி ஸ்டிக்கர்த் தாளில் ஓடும். ஷார்ஜாவிலிருந்து வந்த ஓர் ஆளிடம் நான் ஒரு அரபி லேப்டாப்பை வாங்கி மாட்டினேன். அதிலிருந்த விண்டோஸுக்கு மிஷினைத் தெரியவில்லை. மிஷினை விற்றவருக்குப் போன் செய்தேன். ரொம்பப் பழசு, இனி இதற்கு ஒன்றும் வராது, செத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். என் வீட்டுக்காரி சுற்றுகிற பீடியில் வீடு நடந்தது. அக்காவின் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் என்றேன். சாமான் ஏற்றி இறக்குகிற வேலை ஒன்று இருந்தது. தென்காசியில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற அண்ணாச்சி ஒருவரிடம் வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். மிஷினை எடுக்க ஆலங்குளத்துப் பழைய இரும்புக்காரரை வரச் சொன்னேன். அவரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொன்னார்.

அந்த வாரம் அக்கா ஊருக்கு வந்தாள். தன் கடையைத் திறக்கும் முன்னால் என் கடைக்கு வந்து நின்றாள்.

"அவுக சொல்லுதாவ, நீ ஷார்ஜா போறியாமே."

"ஆமா."

"மிஷினு?"

"செத்துட்டு."

"யாரு பாத்தா?"

"வித்தவரே சொல்லிட்டாரு."

"வந்து பாத்தாரா?"

"போன்ல சொன்னாரு."

"போன்ல நாடி பிடிச்சுப் பாத்தாராக்கும். எப்பம் போற?"

பாஸ்போர்ட்டையும் சொன்னேன். இரும்புக்காரரையும் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லா அடுக்கி வச்சிருக்கலே. எல்லாத்தையும் ஒரே நாள்ல அழிக்கதுக்கு."

பேரீச்சம்பழ டப்பாவோடு வந்து என் கடையில் உட்கார்ந்தாள். புதுப் பென் டிரைவைச் செருகினாள். போன் ஒயரை மாட்டி வை-பையை வரவைத்தாள். மிஷினை மாட்டினாள். திரையில் மிஷின் வந்தது. வந்த வேகத்தில் மறைந்தது. பிடுங்கி மாட்டினாள். வந்தது, மறைந்தது.

"எட்டிப் பாத்துட்டு ஓடுது" என்றாள்.

டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் செருகினாள். பழைய பென் டிரைவ் ஒன்றில் மிஷின் வந்தது. மறையவில்லை. ஒரு எழுத்தை அனுப்பினாள். கத்தி அசைந்தது. தாளில் ஒரு 'ம' விழுந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"செத்தவன் எழுதுதாம் பாரு" என்றாள்.

"இதையே ஏத்திருங்கக்கா."

"இதுக்கு இந்த லேப்டாப்போட வை-பையத் தெரியல. நானும் பாத்துட்டேன், ஒட்ட மாட்டேங்கு. பழசுல மிஷின் ஓடுது, வை-பை இல்ல. புதுசுல வை-பை இருக்கு, மிஷின் இல்ல. வேன்காரன் போன்ல படம் அனுப்புவான், நீ எதுல எறக்குவ? பாதிக் கடைய வச்சு என்ன செய்வ?"

மிஷின் நல்லதுதான் என்று தெரிந்துவிட்டது. புதுசில் ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொள்கிறது. எது என்று தேடினாள். கம்ப்யூட்டர் தனக்குள் எழுதிக்கொள்கிற வரிகளைத் திரையில் ஓடவிட்டுப் படித்தாள். வியாழக்கிழமை மத்தியானம் "ஏட்டி!" என்றாள். எந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை. கடையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்துப் பலகை ஒன்று உண்டாம். அதை கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்ளலாம். புது லினக்ஸில் அதற்கென்று ஒரு புரோகிராம் காத்துக்கொண்டு இருக்கிறது. அந்தப் பலகையில் இருக்கிற சிப்பும் என் மிஷினில் இருக்கிற சிப்பும் ஒரே எண் சொல்லும். எண்ணைக் கேட்டதும் அந்தப் புரோகிராம் ஓடிவந்து என் மிஷினைப் பிடித்துக்கொள்கிறது. பலகை என்று நினைத்து.

"பாவம்லே. அது நல்லதுதான் செய்யுது. ஆள் மாறிப் போச்சு."

அந்தப் புரோகிராமை நிறுத்தினாள். மிஷின் திரையில் மறையாமல் நின்றது. ஓர் எழுத்து அனுப்பினாள், வெட்டியது.

"ஏத்துவோமாக்கா?"

"இரு. ஒயரப் பிடுங்கி மாட்டிப் பாக்கணும்."

அவள் கை ஒயருக்குப் போகும்போது கரண்ட் போயிற்று. சாரல் காற்றில் எங்கோ மரம் விழுந்திருக்கிறது. அந்த லேப்டாப்பில் பேட்டரி நிற்காது. திரை கறுத்தது. பென் டிரைவில் ஓடும்போது செய்வதெல்லாம் அப்போதைக்கு மட்டும்தான். கரண்ட் போனால் செய்யாதது மாதிரி. வை-பை, மிஷின், எல்லாம் போயிற்று.

"அப்பவே ஏத்திருக்கலாம்" என்றேன்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தன் கடைக்குப் போய்விட்டாள். வீட்டுக்குப் போய் பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டுக்காரி பார்த்தாள். பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கரண்ட் வந்தது. நான் போகும்போது அக்கா என் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளோடு ஒரு வேன்காரரும் நின்றார். சிவகிரிக்காரர். முன் கண்ணாடிக்கு எழுத்து வேண்டுமாம். கடை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இருங்க அண்ணாச்சி, ஆயிரும்" என்றாள் அக்கா.

"எப்பம் ஆகும்? நான் சிவகிரி போகணும்."

"அருவில தண்ணி நல்லா விழுதாம். குளிச்சுட்டு வாங்க."

"அதெல்லாம் காலைல குளிச்சாச்சு தாயி."

"இன்னொரு தடவ குளிங்க. வேண்டாங்காது."

அவர் முனகிக்கொண்டே வண்டியைக் குற்றாலத்துக்கு விட்டார்.

அக்கா முதலிலிருந்து எல்லாம் செய்தாள். போன் ஒயர், வை-பை. அந்தப் புரோகிராமை நிறுத்தினாள். மிஷின் நின்றது. இந்தத் தடவை எழுத்து அனுப்பவில்லை. நேராக ஒயரைப் பிடுங்கி மாட்டினாள். மிஷின் வந்தது. மறைந்தது.

மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து ஏத்திருந்தா?"

ஏற்றியிருந்தால் சந்தோசமாகப் போய் அண்ணாச்சியிடம் வரவில்லை என்று சொல்லியிருப்பேன். மறுநாள் ஒயரை மாட்டும்போது மிஷின் மறைந்திருக்கும். ஷார்ஜா வேலையும் போயிருக்கும்.

நிறுத்தினால் போதாது என்று தெரிந்தது. ஒயரை மாட்டும்போதெல்லாம் அது திரும்ப எழுந்து வருகிறது. நெட்டில் இதே தொல்லை பலருக்கு வந்திருக்கிறது. எல்லோரும் அந்தப் புரோகிராமையே எடுத்து எறியச் சொல்லி எழுதியிருந்தார்கள்.

"எறிஞ்சிருங்கக்கா. எங்கடைல யாரு தடவிப் படிக்கப் போறா?"

"இன்னைக்கு இல்ல. நாளைக்கு இந்த லேப்டாப் யாரு கைக்குப் போவும்னு ஒனக்குத் தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. பையில் பாஸ்போர்ட் குத்தியது. மணியைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. எந்த எண்ணைக் கேட்டால் ஓடிவர வேண்டும் என்று அந்தப் புரோகிராமுக்கு எழுதி வைத்திருக்கிற இடத்தைத் திறந்தாள். வரி வரியாக எண்கள். விரலை வைத்துத் தேடி என் மிஷினின் எண்ணைப் பிடித்தாள். அந்த வரிக்கு முன்னால் ஜன்னல் கம்பி மாதிரி ஒரு குறி போட்டாள். குறுக்கே ரெண்டு, நெடுக்கே ரெண்டு.

"அழிக்கலியா?"

"எதுக்கு அழிக்கணும்? இதப் போட்டா இந்த வரிய மட்டும் படிக்காது. வேணும்னு ஒருத்தர் வந்தா கம்பிய எடுத்துட்டாப் போதும்."

ஒயரைப் பிடுங்கி மாட்டினாள். மிஷின் நின்றது. மறுபடி மாட்டினாள். நின்றது. என்னையும் மாட்டச் சொன்னாள். மாட்டினேன். நின்றது. லேப்டாப்பை மூடித் திறந்தாள். நின்றது. அதற்குப் பிறகுதான் உள்ளே ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் உள்ளே இருக்கிற லினக்ஸிலும் அந்தக் குறியை இன்னொரு தடவை போட்டாள். பென் டிரைவில் செய்தது உள்ளே வராதாம். பென் டிரைவைப் பிடுங்கினாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். வை-பை இருந்தது. மிஷின் இருந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டு அது முடிகிற வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "வெட்டுலே" என்றாள்.

வேன்காரர் தலை ஈரத்தோடு வந்து நின்றபோது கத்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்ட எழுத்து கண்ணாடி அகலத்துக்கு விழுந்தது. ஒரு வளைவு பிசகவில்லை. நான் தாளை உரித்துக் காட்டினேன். அவர் அக்காவைப் பார்த்து, "யாரு, மொதலாளியம்மாவா?" என்றார்.

"இல்ல. மொதலாளி அவன்தான்" என்றாள் அக்கா. டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அவள் கடை இருந்த இடத்தில் பேக்கரி இருக்கிறது. வீட்டுக்காரர் அவளை ஷார்ஜாவுக்குக் கூட்டிக்கொண்டார். அங்கேயும் யாருடைய லேப்டாப்பையோ மடியில் வைத்துக்கொண்டு ஏற்ற மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பாள். அது நிச்சயம். எங்கள் ரோட்டில் அவள் மாதிரி ஒருத்தி இருந்தாள் என்று நான் பேக்கரிக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். வேறு எதைப் பற்றியும் நான் வலியப் போய்ப் பேசுகிறவன் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமே தென்காசிக்குப் போனேன். ஆள் அனுப்புகிற அண்ணாச்சி மேசைக்குப் பின்னால் இருந்தார். கையை நீட்டினார்.

"பாஸ்போர்ட்டு?"

"தரல அண்ணாச்சி."

"ஏன்? என்ன ஆச்சு?"

"வேலை இருக்கு."

"அங்கன இல்லாத வேலையா? எங்க இருக்கு?"

"மேலகரத்துல."

அவர் சிரித்தார். "யாரு, அந்த லாத்தா சரிபண்ணிக் குடுத்துட்டாளா? ஏம் மகன் லேப்டாப்பும் அவகிட்டதான் கெடக்கு. மாசக்கணக்கா தர மாட்டேங்கா. கேட்டா ஏதோ சத்தம் வரலங்கா."

"நல்ல எடத்துல இருக்கு அண்ணாச்சி. அவசரப்படாதிய" என்றேன்.

வெளியே மேலகரம் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினேன். வேன்காரர் பின் கண்ணாடிக்கும் எழுத்து கேட்டிருந்தார். இரும்புக்காரர் வருவதற்குள் அதை வெட்டி முடிக்க வேண்டும். மிஷின் ஓடுகிற சத்தத்தை அவர் வாசலிலேயே கேட்க வேண்டும்.